உங்களுக்குத் தெரியுமா? கம்பியில் வருவதும் காற்றில் வருவதும்!

பழங்காநத்தம் ரவுண்டானாவில் திருப்பரங்குன்றம் பஸ்ஸில் ஏறுங்கள். கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் குரல் கொடுப்பார்: "பைக்காரால்லாம் முன்னாடி வா!" பைக்காரா என்பது நீலகிரியில் ஓடும் ஆறு. அதற்கு மதுரையில் ஏது பஸ் ஸ்டாப்?

1932-ல் பைக்காரா ஆற்றுத் தண்ணீரைச் சுமார் 3,000 அடி உயரத்திலிருந்து குழாயில் இறக்கி மின்சாரம் எடுத்தார்கள். அந்த கரண்ட் மலையிறங்கி, கோவை தாண்டி, உடுமலை தாண்டி மதுரைக்கு வந்தது. அது வந்து இறங்கிய இடத்துக்கு ஆற்றின் பெயரே ஒட்டிக்கொண்டது என்பார்கள் பழைய ஆட்கள். சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பெயர் மட்டும் வந்துவிட்டது!

இறங்கியாச்சா? அப்படியே தலையைத் தூக்கி மின்கம்பத்தைப் பாருங்கள். கரண்ட் கம்பி. அதற்குக் கீழே கேபிள் டிவி ஒயர். அதையும் சுற்றிக்கொண்டு இன்டர்நெட் ஃபைபர். மின்சாரத்துக்கு 2003-ம் வருடச் சட்டம். கேபிளுக்கு 1995-ம் வருடச் சட்டம். இன்டர்நெட்டுக்கு 2023-ம் வருடச் சட்டம். கம்பம் ஒன்று, சட்டம் மூன்று!

அந்த 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வருவதற்கு முன்னால் என்ன இருந்தது? 1885-ல் வெள்ளைக்காரன் போட்ட தந்திச் சட்டம்! உங்கள் 5ஜி போனும் தந்திச் சட்டத்தில்தான் பேசிக்கொண்டிருந்தது!

தந்தியே போய்விட்டது. 2013 ஜூலை 14-ல் கடைசித் தந்தி வாங்கினார்கள். தந்திச் சட்டம் அதற்குப் பிறகும் பத்து வருடம் உயிரோடு இருந்தது!

உங்கள் கரண்ட் பில்லின் விலையை முடிவு செய்வது யார்? மந்திரி என்பீர்கள். ஈ.பி. என்பீர்கள். இரண்டும் தப்பு! தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 1999 மார்ச் 17-ல் பிறந்தது. தலைவர் ஒருவர், உறுப்பினர் ஒருவர், சட்ட உறுப்பினர் ஒருவர். மொத்தம் மூன்றே நாற்காலி! மாநிலத்தில் மின் இணைப்பு மூன்று கோடிக்கும் மேல். கணக்குப் போடுங்கள், நாற்காலிக்கு ஒரு கோடி!

அந்த நாற்காலியில் ஐந்து வருடம். அல்லது 65 வயது. எது முதலில் வருகிறதோ அது! அதே பதவியில் இரண்டாம் முறை உட்கார முடியாது. கவுன்சிலருக்குக் கூட இந்தக் கட்டுப்பாடு இல்லை!

ஏப்ரல் மாதத் தக்காளி விலைக்கும் ஜூலை மாத மின்கட்டணத்துக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது! இதைப் படித்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. 2022-ல் ஆணையம் போட்ட உத்தரவு இது. ஒவ்வொரு ஜூலை 1-ம் தேதியும் கட்டணம் ஏறும். எவ்வளவு? ஏப்ரல் மாதச் சில்லறை விலைவாசி எவ்வளவு ஏறியதோ அவ்வளவு. ஆனால் 6 சதவீதத்துக்கு மேல் கூடாது.

2024 ஏப்ரலில் விலைவாசி ஏற்றம் 4.83 சதவீதம். ஜூலையில் மின்கட்டண உயர்வு? 4.83 சதவீதம்! 2025 ஏப்ரலில் 3.16. ஜூலையில்? அதே 3.16! (வீடுகளுக்கான அந்த உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. கடைக்காரர்கள் கட்டினார்கள்.) பரவை மார்க்கெட்டில் தக்காளி விலை ஏறினால் இனி இரண்டு தடவை கவலைப்படுங்கள்!

இப்போது சொல்லப்போவதைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் விலை அதிகமான யூனிட் எது தெரியுமா? 501-வது யூனிட்!

2022 செப்டம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓட்டினால் முதல் 100 இலவசம். அடுத்த 100, யூனிட் 2 ரூபாய் 25 காசு. அதற்கடுத்த 200, யூனிட் நாலரை ரூபாய். கடைசி 100, ஆறு ரூபாய். மொத்த பில் 1,725 ரூபாய். சரி, 501 ஓட்டினால்? 1,958 ரூபாய்! ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்!

எப்படி? 500-ஐத் தாண்டிய நொடியில் அந்த 2 ரூபாய் 25 காசுச் சலுகை மாயமாகிவிடும். அதுவும் நாலரை ரூபாய் ஆகிவிடும். ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை ஒரு மணி நேரம் போடுவது. நாலு சட்டை தேய்த்தால் 233 ரூபாய். லாண்டரியில் போட்டிருக்கலாம்!

எங்கள் மாடி வீட்டு அக்கா இதில் டாக்டர் பட்டமே வாங்கலாம். ரீடிங் எடுக்க ஆள் வரும் வாரத்தில் காலையும் மாலையும் மீட்டரைப் போய்ப் பார்ப்பார். போன கோடையில் ஒரு நாள் படியில் நின்றே கத்தினார்: "தம்பி, 496 ஆச்சு! ஏசிய அமத்தச் சொல்லு பிள்ளைகள!" அன்று ராத்திரி அந்த வீட்டில் எல்லோரும் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தார்கள். மறுநாள் ரீடிங் 499. அக்கா எங்களுக்கெல்லாம் கேசரி கிண்டிக் கொடுத்தார்!

முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016 மே 23-ல் கையெழுத்தானது. அன்றுதான் ஜெயலலிதா முதல்வராகப் பதவியேற்றார். பதவியேற்ற அன்றே போட்ட கையெழுத்து!

கைத்தறி போட்டிருக்கிறீர்களா? உங்களுக்கு இலவசம் 300 யூனிட்! விசைத்தறி என்றால் 1,000 யூனிட்! இரண்டுமே 2023-ல் உயர்த்தியது. அதற்கு முன் 200-ம் 750-ம்தான்.

மாநிலத்தில் இலவச மின்சாரம் வாங்கும் விவசாய பம்ப்செட்டுகள் 23 லட்சத்துக்கும் மேல். இதில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரே கிடையாது! பிறகு எப்படிக் கணக்கு? மோட்டாரின் குதிரைசக்தியை வைத்து! ஓடினாலும் ஓடாவிட்டாலும் குதிரைக்குத்தான் கணக்கு!

அபார்ட்மென்ட்காரர்கள் காதைக் கொடுங்கள். வீட்டுக்குள் எரியும் பல்புக்கு ஒரு விலை. அதே பல்பை மாடிப்படியில் மாட்டினால் வேறு விலை! பொதுப் பயன்பாட்டுக்கு 2022-ல் யூனிட் 8 ரூபாய் வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. பத்து வீடு வரை, மூன்று மாடிக்குள், லிஃப்ட் கிடையாது என்றால் 5 ரூபாய் 50 காசு என்று 2023 நவம்பரில் இறக்கினார்கள். முட்டி வலிக்க மாடி ஏறினால் யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய் லாபம்!

கட்டணத்தை உயர்த்தும் முன் உங்களைக் கேட்க வேண்டும் என்பது சட்டம்! 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை மூன்று ஊரிலும் கூட்டம் போட்டுக் கேட்டார்கள். யார் வேண்டுமானாலும் போய் மைக் பிடிக்கலாம். கேட்டார்கள். உயர்த்தினார்கள்!

புது இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறீர்களா? 2024-ல் மத்திய அரசு திருத்திய விதிப்படி பெருநகரம் என்றால் 3 நாள். மற்ற நகராட்சிப் பகுதி 7 நாள். கிராமம் 15 நாள். புதிதாகக் கம்பம் நட வேண்டியதில்லை என்றால் இதுதான் கெடு!

கெடு தாண்டினால்? அவர்கள் உங்களுக்குப் பணம் தர வேண்டும்! தமிழக ஆணையத்தின் 2004 விதிகளில் அச்சடித்தே இருக்கிறது. இணைப்பு தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய், அதிகபட்சம் 1,000. போன கரண்ட் குறித்த நேரத்துக்குள் திரும்பாவிட்டால் ஒவ்வொரு ஆறு மணி நேரத் தாமதத்துக்கும் 50 ரூபாய், அதிகபட்சம் 2,000. இந்த 50 ரூபாயை வாங்கிய ஒருவரைப் பார்த்துவிட வேண்டும் என்று நானும் தெருத்தெருவாய்க் கேட்டுவிட்டேன். ஒருவரும் சிக்கவில்லை. ஒரு டீக்கடைக்காரர் மட்டும் சிரித்தார்: "அம்பது ரூவாயா? அண்ணே, எனக்கு கரண்ட் வந்தாப் போதும்ணே!"

பழைய பாக்கி என்று திடீரென்று ஒரு தாளை நீட்டுகிறார்களா? அது முதன்முதலில் கட்ட வேண்டியதாகி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதா? இடையில் எந்த பில்லிலும் அதைத் தொடர்ந்து காட்டவில்லையா? அப்படியானால் வசூலிக்க முடியாது! மின்சாரச் சட்டம், பிரிவு 56, உட்பிரிவு 2. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்!

கொஞ்சம் மேற்கே போவோம். முல்லைப் பெரியாறு! தண்ணீர் தேக்கடியிலிருந்து மலைக்குடைவு வழியாக வந்து, லோயர் கேம்ப்பில் டர்பைனைச் சுற்றி மின்சாரம் கொடுத்துவிட்டு, வைகைக்கு வந்து, மதுரை வயலுக்குப் போகிறது. 1886-ல் போட்ட குத்தகை. எத்தனை வருடத்துக்கு? 999!

அந்த மின்சாரத்துக்குத் தமிழ்நாடு கேரளாவுக்குக் கட்டும் தொகையை 1970 ஒப்பந்தம் சொல்கிறது. 35 கோடி யூனிட் வரை ஒரு கிலோவாட்-ஆண்டுக்கு 12 ரூபாய். ஒரு கிலோவாட்-ஆண்டு என்றால் 8,760 யூனிட்! வகுத்துப் பாருங்கள். யூனிட்டுக்கு ஒரு பைசாவில் ஏழில் ஒரு பங்கு கூட வரவில்லை!

கிழக்கே திரும்புங்கள். ராமநாதபுரம் மாவட்டம் கமுதி. 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம். 25 லட்சம் தகடு. எட்டே மாதத்தில் கட்டியது! அந்தக் காலத்தில் தமிழக ஆணையம் சூரிய மின்சாரத்துக்கு நிர்ணயித்த விலை யூனிட் 7 ரூபாய் 1 காசு. மறு வருடம் 2017-ல் தமிழ்நாட்டிலேயே ஏலம் விட்டார்கள். கிடைத்த விலை? 3 ரூபாய் 47 காசு! வெயில் அதே வெயில்தான்!

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும். அந்தக் காற்றை பேங்கில் போட முடியுமா? தமிழ்நாட்டில் முடியும்! பழைய காற்றாலைக்காரர்கள் ஆடியில் எடுத்த மின்சாரத்தை மின்வாரியத்திடம் கணக்கு வைத்துவிட்டு மாசியில் எடுத்துக்கொள்ளலாம். பேரே பேங்கிங்! சேவைக் கட்டணமும் உண்டு!

2012 ஜூலை 31. உலகமே அதுவரை பார்க்காத மின்தடை! வட இந்தியா, கிழக்கு, வடகிழக்கு மொத்தமும் இருட்டு. 62 கோடி மக்கள் வாழும் பகுதி! மதுரையில் என்ன நடந்தது? அந்த இருட்டு ஒரு துளி கூட எட்டவில்லை! தென்னிந்திய மின்தொகுப்பு அப்போது தனிக்குடித்தனம். வடக்கோடு ஒரே தாளத்தில் இணையவில்லை.

எப்போது இணைந்தது? 2013 டிசம்பர் 31. கர்நாடகத்தின் ராய்ச்சூருக்கும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூருக்கும் இடையே 765 கிலோவோல்ட் லைன் ஏறியது. அன்றிலிருந்து காஷ்மீரும் பழங்காநத்தமும் ஒரே துடிப்பு. நொடிக்கு 50!

ஆனால் காலரைத் தூக்கிக்கொள்ளாதீர்கள். அதே 2012-ல் நமக்கு நம்முடைய சொந்த இருட்டு இருந்தது. சென்னையில் இரண்டு மணி நேர மின்வெட்டு. மதுரையில்? பத்து மணி நேரத்துக்கும் மேல்! ஒரே மாநிலம், ஒரே வாரியம், ஒரே கட்டணம். அந்த வருடம் இன்வெர்ட்டர் வாங்காத வீடு எங்கள் தெருவில் இரண்டுதான். 2008 நவம்பரில் தொடங்கிய மின் கட்டுப்பாடு முழுதாக நீங்கியது 2015 ஜூனில்!

அந்த 50 துடிப்புக்கே விலை உண்டு தெரியுமா? 2003 ஜனவரியிலிருந்து தென்னகத்தில் இந்த முறை. துடிப்பு 50-க்குக் கீழே இறங்கும்போது ஒப்புக்கொண்டதற்கு மேல் எந்த மாநிலம் இழுக்கிறதோ, அது கூடுதல் விலை கொடுக்க வேண்டும். பந்தியில் எல்லோரும் உட்கார்ந்தபிறகு இரண்டாவது இலை கேட்பவருக்குத் தனி ரேட்!

மின்சாரத்துக்கும் சந்தை உண்டு. 2008-லிருந்து நடக்கிறது. ஒரு நாளை 15 நிமிடமாக நறுக்கி 96 துண்டு ஆக்குகிறார்கள். 96-க்கும் 96 விலை! மல்லிகைப்பூ கூட ஒரு நாளில் இத்தனை தடவை விலை மாறாது!

2020 ஏப்ரல் 5, ராத்திரி 9 மணி. விளக்கை அணைத்து அகல் ஏற்றச் சொன்னார்கள், நினைவிருக்கிறதா? ஒன்பது மணியையொட்டி நாட்டின் மின்தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது! தமிழ்நாட்டின் உச்சத் தேவையே 2024 மே 2-ல் எட்டிய 20,830 மெகாவாட்தான். ஒன்றரைத் தமிழ்நாடு திடீரென்று காணாமல் போனது மாதிரி! மின்தொகுப்பு விழவில்லை!

இலங்கையில் விழுந்தது! 2025 பிப்ரவரி 9. நாடு முழுக்க கரண்ட் இல்லை. குற்றவாளி? பாணந்துறை துணைமின் நிலையத்துக்குள் புகுந்த குரங்கு! ஒரே குரங்கு!

அந்த நாட்டின் ஒழுங்குமுறை ஆணையத் தலைவர் கதை இன்னும் ருசி. 2023 பிப்ரவரியில் மின்கட்டணம் 66 சதவீதம் உயர்ந்தது. கூடாது என்றார் தலைவர். மே 24-ல் நாடாளுமன்றமே வாக்கெடுத்து அவரை நீக்கியது. ஆதரவு 123, எதிர்ப்பு 77!

"எங்களைக் கட்டுப்படுத்துங்கள்!" என்று எந்த முதலாளியாவது கேட்பாரா? கேட்டார்! சிகாகோவின் மின்சார முதலாளி சாமுவேல் இன்சல், எடிசனிடம் செயலாளராக இருந்தவர். 1898-லேயே அரசு எங்கள் விலையை நிர்ணயிக்கட்டும் என்று பேசினார். ஏன்? விலையை அரசு வைத்தால் போட்டிக்கு ஆள் வராதே! 1907-ல் நியூயார்க்கிலும் விஸ்கான்சினிலும் ஆணையமே வந்துவிட்டது. கெட்டிக்காரர்!

எரிவாயுவுக்கும் தனி வாரியம் உண்டு. எண்ணூரில் தொடங்கும் குழாய் ஒன்றின் பெயரில் நம் மதுரையும் இருக்கிறது: எண்ணூர், திருவள்ளூர், பெங்களூரு, புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடி. பெயரே பஸ் ரூட் போல! இம்மாதிரிக் குழாய்களில் கொஞ்சம் இடத்தை அடுத்த கம்பெனிக்காரனுக்கும் வாடகைக்கு விட்டே ஆக வேண்டும். எவ்வளவு? 25 சதவீதம்!

போனுக்கு வருவோம். மதராஸில் முதல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் 1881-ல் எர்ரபாலு செட்டி தெருவில் திறந்தது. மொத்த இணைப்பு? 17!

ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்ற காலம் இருந்தது. துப்பாக்கியைச் சொல்லவில்லை, ரேடியோவைத்தான் சொல்கிறேன்! வருடா வருடம் போஸ்ட் ஆபீசில் பணம் கட்டிப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். 1980-களின் நடுவில்தான் ஒழித்தார்கள். உங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் துழாவுங்கள், அந்தப் புத்தகம் கிடைத்தாலும் கிடைக்கும்!

ராத்திரி பதினோரு மணிக்கு எஸ்.டி.டி. பூத்தில் கூட்டம் மொய்க்குமே, ஏன்? அந்த நேரத்தில் கால்வாசிக் கட்டணம்! காதலர்களும் துபாய்க்காரர் வீட்டம்மாக்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓடும். பாதிப் பேச்சில் எல்லோர் கண்ணும் அந்த எண்ணில்தான்!

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31. கல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அப்போது பேசினால் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை. அடுத்தவர் கூப்பிட்டாலும் உங்களுக்கும் காசு!

வரும் அழைப்பு முழுதாக இலவசமானது எப்போது? 2003 மே 1. உழைப்பாளர் தினம்!

ஒரு காலத்தில் மதுரை செல்போனோடு சென்னைக்குப் போனால் ரோமிங்! சிரிக்காதீர்கள், நிஜம். சென்னை ஒரு வட்டம், மற்ற தமிழ்நாடு வேறு வட்டம். 2005-ல்தான் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸ் எழும்பூருக்குள் நுழையும்போதே அத்தனை பேரும் போனை அணைப்பார்கள்!

உங்கள் போன் எத்தனை நொடி அடிக்க வேண்டும் என்பதற்கும் உத்தரவு உண்டு! 30 நொடி. லேண்ட்லைன் என்றால் 60. 2019 நவம்பர் 1-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்டது. இதற்குப் பின்னால் ஒரு துப்பறியும் கதையே இருக்கிறது!

ஒரு கம்பெனி போனிலிருந்து இன்னொரு கம்பெனி போனுக்குப் பேசினால், கூப்பிட்ட கம்பெனி எடுத்த கம்பெனிக்கு நிமிடத்துக்கு 6 காசு கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது யோசியுங்கள். மணியை 20, 25 நொடியில் நிறுத்திவிட்டால்? எதிராளி போனை எடுக்கும் முன் மிஸ்டு கால் ஆகிவிடும். அவர் திருப்பிக் கூப்பிடுவார். 6 காசு இந்தப் பக்கம் வரும்! அஞ்சு நொடியில் கோடிகளைத் திருப்பிவிடும் வித்தை! டிராய் தலையிட்டு 30 நொடி என்று ஆணியடித்தது. பிறகு அந்த 6 காசும் 2021 ஜனவரி 1-ல் பூஜ்யமானது!

மாதம் ஒரு ரீசார்ஜ் என்றால் வருடத்துக்கு எத்தனை? 12 என்பீர்கள். இல்லை, 13! 28 நாளை 13-ஆல் பெருக்குங்கள். 364! அந்தப் பதின்மூன்றாவது மாதத்தைக் கண்டுபிடித்த மூளைக்கு விழா எடுக்கலாம். 2022 ஜனவரியில் டிராய் சொன்னது: 30 நாள் திட்டம் ஒன்றாவது, மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றாவது வைத்தே ஆக வேண்டும். இருக்கிறது. கேட்டால்தான் காட்டுவார்கள்!

பட்டன் போன் வைத்திருக்கும் அம்மாவுக்கு எதற்கு டேட்டா? 2024 டிசம்பரில் அதற்கும் உத்தரவு வந்தது. பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள திட்டம் கட்டாயம்! அதிகபட்சக் கெடு 90 நாளிலிருந்து 365 நாள்!

பயன்படுத்தாத ப்ரீபெய்டு எண் 90 நாள் வரை சாகாது. அதற்கப்புறமும் கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னொரு 30 நாள் உயிர் கொடுப்பார்கள். 20 ரூபாய்க்கு ஒரு உயிர்!

எண் மாறாமல் கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரி 20-ல் நாடு முழுக்க வந்தது. அதற்கு 2019-ல் டிராய் வைத்த விலை 6 ரூபாய் 46 காசு. ரவுண்டானா டீயில் பாதி! அந்த 46 காசு எங்கிருந்து வந்ததோ, நான் தேடியும் கிடைக்காத ஒரே பதில் அதுதான்!

பேசும்போது கால் கட் ஆகிறதா? ஒரு கட்டுக்கு ஒரு ரூபாய், நாளுக்கு மூன்று ரூபாய் வரை நஷ்டஈடு என்று டிராய் 2015-ல் அறிவித்தது. 2016 மே 11-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த ஒரு ரூபாய் யார் கைக்கும் வரவில்லை!

ஆனால் இது இருக்கிறது! 2024-ல் டிராய் போட்ட விதி. மாவட்டம் முழுக்க 24 மணி நேரத்துக்கு மேல் சேவை போனால் போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவு, ப்ரீபெய்டுக்கு நாள் நீட்டிப்பு. விண்ணப்பமே வேண்டாம்!

ஒரு நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ்.ஸுக்கு மேல் அனுப்பக்கூடாது என்று 2011-ல் தடையே போட்டார்கள்! அதற்கு முன்பே தீபாவளி, பொங்கல் அன்று எஸ்.எம்.எஸ். பேக் செல்லாது. வாழ்த்துக்குத் தனிக் காசு!

2014-ல் ஒரு ஜிபி டேட்டா சராசரி 269 ரூபாய். 2018-ல்? 11 ரூபாய் 78 காசு! இது டிராய் சொன்ன கணக்கு. ஏறிய விலை இப்படி இறங்கி நான் வேறெதிலும் பார்த்ததில்லை!

எல்லா இணையதளமும் சமம், ஒன்றை மட்டும் மலிவாக்கக் கூடாது என்று 2016 பிப்ரவரி 8-ல் டிராய் தடை போட்டது. அதற்கு முந்தைய வருடம் அவர்கள் கருத்துக் கேட்டபோது குவிந்த மின்னஞ்சல்? பத்து லட்சத்துக்கும் மேல்!

காற்றலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது எந்த வழக்கில்? கிரிக்கெட் வழக்கில்! 1993 ஹீரோ கோப்பையை யார் ஒளிபரப்புவது என்ற சண்டை. தீர்ப்பு 1995 பிப்ரவரி 9. அந்தப் பொதுச் சொத்தில் தமிழ்நாட்டுக்கான ஒரு துண்டு, 5 மெகாஹெர்ட்ஸ், 2010-ன் 3ஜி ஏலத்தில் 1,464 கோடியே 94 லட்சத்துக்குப் போனது. கண்ணுக்கே தெரியாத சொத்து!

அரசு கேபிள் 2011 செப்டம்பரில் மறுபடி தொடங்கியபோது மாதம் 70 ரூபாய். 2019-ல் டிராய் வைத்த உச்சவரம்பு 130 ரூபாய், வரி சேர்த்து 153 ரூபாய் 40 காசு. அன்று அது 100 சேனலுக்கான வழிக் கட்டணம் மட்டும். கட்டணச் சேனலுக்குக் காசு தனி! ஹெச்.டி. சேனல் ஒன்றை இரண்டாக எண்ணினார்கள்!

ஒருவர் பெயரில் எத்தனை சிம் வைக்கலாம்? ஒன்பது. மீறினால் முதல் தடவை 50,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மாட்டினால் 2 லட்சம் வரை! உங்கள் பெயரில் எத்தனை என்பதை சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். நான் பார்த்தேன். எனக்கே தெரியாமல் ஒன்று இருந்தது!

கடைசியாக ஒன்று. ஈ.பி.யில் கட்டிய டெபாசிட் சும்மா தூங்கவில்லை. மின்சாரச் சட்டம் பிரிவு 47-ன்படி அதற்கு வருடா வருடம் வட்டி உண்டு. பில்லிலேயே கழிய வேண்டும். மீட்டர் பெட்டிக்குள் செருகியிருக்கிறதே வெள்ளை அட்டை, பால்பாயின்ட் பேனாவில் ரீடிங் எழுதி ஓரம் மடங்கிப்போய்? அதை எடுங்கள். இணைப்பு எண்ணை இணையத்தில் தட்டி வட்டி வந்ததா என்று பாருங்கள். பழங்காநத்தம் வாசிகள் முதல் இரண்டு இலக்கத்தைத் தேட வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். மதுரை மண்டலம் மொத்தத்துக்கும் 05!